பொதுநிலமும் பெருமந்தையும்: வயோமிங்கில் 1892-ஆம் ஆண்டுப் போர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கால்நடைப் பெரும்பண்ணையாளருக்கும் சிறு உழவருக்கும் இடையே எழுந்த மோதல்களை, சட்டம் எட்டாத நாட்டில் முரட்டு மனிதர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட கதையாகவே திரைப்படங்களும் மலிவுப் பதிப்பு நாவல்களும் உலகெங்கும் பரப்பியுள்ளன. உண்மையில் அங்கே சட்டத்துக்குக் குறைவில்லை. நிலத்தைப் பற்றிய சட்டம் ஒன்று வாஷிங்டனில் இயற்றப்பட்டிருந்தது; கன்றுகளைப் பற்றிய சட்டம் ஒன்று வயோமிங்கின் தலைநகரான ஷையேனில் இயற்றப்பட்டிருந்தது. முன்னது சிறு உழவருக்கு உரிமை அளித்தது. பின்னது அந்த உரிமையைக் கொண்டு அவர் பிழைக்க முடியாதபடி செய்தது. ஜான்சன் கவுண்டிப் போர் என்று வரலாற்றில் பெயர் பெற்ற 1892-ஆம் ஆண்டு நிகழ்ச்சி, இவ்விரு சட்டங்களும் ஒரே புல்வெளியின்மேல் முட்டிக்கொண்டதன் விளைவு என்பதே இவ்வுரை நிறுவ முயலும் கருத்து. கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. தனக்கென நீதிமன்றமும், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஷெரிஃப் எனும் காவல் தலைவரும் உடையது. இந்த ஷெரிஃப் பதவி பின்னர் வரும் செய்திகளுக்கு முக்கியமானது.

முதலில், அந்த நிலம் யாருடையது என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். வயோமிங்கின் வடபகுதியில் பௌடர் ஆறு பாயும் சமவெளி, லகோட்டா, ஷையேன், அரபாஹோ ஆகிய பழங்குடிகளின் வேட்டை நிலமாக இருந்தது. 1868-ஆம் ஆண்டின் லாரமி கோட்டை உடன்படிக்கை அதை ஒப்புக்கொள்ளவும் செய்தது. 1876, 1877 ஆண்டுகளின் போருக்குப் பின் அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். அவர்கள் வாழ்வுக்கு ஆதாரமான காட்டெருமைக் கூட்டங்களும் தோலுக்காகச் சுட்டு அழிக்கப்பட்டன. இவ்வாறு வெறுமையாக்கப்பட்ட பின்னரே அந்நிலம் பொதுநிலம் என்ற பெயருக்கு வந்தது. பொதுநிலம் என்பதைத் தமிழக ஊர்களின் மேய்ச்சற்கால் புறம்போக்கைப் போன்றதாக எண்ணிவிடக் கூடாது. அங்கே ஊரும் இல்லை, ஊர்ப் பொதுவும் இல்லை. எவருக்கும் இன்னும் எழுதிக் கொடுக்கப்படாத, நடுவண் அரசின் பெயரில் கிடந்த நிலம் அது. அதில் யார் எத்தனை மாடு மேய்க்கலாம் என்று சொல்ல ஓர் அதிகாரியோ, வாங்க ஒரு கட்டணமோ அக்காலத்தில் கிடையாது. பின்னர் நிகழ்ந்த மோதல்களின் இரு தரப்பாருமே இந்தப் பறிப்பின் மேல் நின்றுகொண்டுதான் உரிமை பேசினர் என்பதை மறந்தால், உழவரை ஏழைப் பங்காளராகவும் பண்ணையாரை அரக்கராகவும் காட்டும் எளிய கதையில் போய் விழ நேரும்.

ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், அதாவது குடியேற்ற நிலச் சட்டம், 21 வயது நிறைந்த குடிமகனோ, குடியுரிமை பெற விண்ணப்பித்தவரோ, மணமாகாத பெண்ணோ, யாராயினும் பொதுநிலத்தில் 160 ஏக்கரைத் தேர்ந்து பதிவு செய்து, ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டுக் காட்டினால், சிறு பதிவுக் கட்டணத்தோடு பட்டா பெறலாம் என்றது. மிசிசிப்பி ஆற்றங்கரையின் ஈரமண்ணில் 160 ஏக்கர் என்பது ஒரு குடும்பத்துக்கு ஏராளம். ஆனால் நூறாவது மேற்குத் தீர்க்கரேகையைக் கடந்தால், ஆண்டு மழை 20 அங்குலத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வானம் பார்த்த பயிர் அங்கே சூதாட்டம். அதே 160 ஏக்கரில் புல்லை மட்டும் நம்பி மாடு வளர்த்தாலோ விரல்விட்டு எண்ணத்தக்க மாடுகளே பிழைக்கும். நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-இல் வறள்நிலங்களைப் பற்றி அரசுக்கு அளித்த அறிக்கையில், பாசன வசதியுள்ள இடங்களில் 80 ஏக்கரும், மேய்ச்சலுக்கு மட்டும் ஏற்ற இடங்களில் 2,560 ஏக்கரும் ஒரு குடும்பத்துக்குத் தர வேண்டும் என்றும், ஒவ்வொரு மேய்ச்சற் பண்ணையும் நீரைத் தொடும்படி எல்லை வகுக்க வேண்டும் என்றும் எழுதினார். நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. 160 என்ற எண் ஒரு கொள்கையாகவே உறைந்துவிட்டது. மண்ணைப் பார்த்து எண்ணை மாற்ற அரசியலாளர்களுக்கு மனம் வரவில்லை.

இந்தப் பிழையில் யார் ஆதாயம் கண்டார் என்பதுதான் அடுத்து நோக்கத்தக்கது. வறண்ட நாட்டில் ஓடைக்கரை 160 ஏக்கரைப் பிடித்தவர், அந்த ஓடைக்கு நடந்து வந்து நீர் குடிக்கக்கூடிய தொலைவு வரையுள்ள மேய்ச்சல் நிலம் முழுவதையும் ஒரு காசு கொடுக்காமல் பிடித்தவராகிறார்; ஏனெனில் நீரில்லாத புல்வெளி வேறு யாருக்கும் பயன்படாது. பெருமந்தை உரிமையாளர்கள் தம் கூலியாட்களின் பெயரில் ஓடைக்கரை மனைகளைப் பதிவு செய்து, பிறகு தம் பெயருக்கு மாற்றிக்கொண்டனர். 1877-ஆம் ஆண்டின் பாலைநிலச் சட்டம் பாசனம் செய்வதாக உறுதி கூறுவோருக்கு 640 ஏக்கர் வரை விற்றபோது, ஏர் உழுத சால் போல ஒரு பள்ளம் கீறி அதை வாய்க்கால் என்று காட்டியவர்களும் உண்டு. இவ்வாறு பட்டா நிலம் கொஞ்சமும் பட்டா இல்லாத நிலம் பெரும்பரப்பும் சேர்ந்து ஒருவருடைய பண்ணை என்று வழங்கப்பட்டது. முதலில் வந்தவருக்கே அந்தப் புல்வெளி என்பது அவர்களுக்குள் எழுதாத வழக்கமாயிற்று. ஜோசப் கிளிடன் 1874-இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின், அரசு நிலத்தைச் சுற்றியே மைல் கணக்கில் வேலி போட்டனர். 1885-இல் நாடாளுமன்றம் இத்தகைய வேலிகளைச் சட்டவிரோதமாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் கிளீவ்லண்ட் அவற்றை அகற்ற ஆணையிட்டார். சில வேலிகள் அகன்றன, பல அகலவில்லை.

வழக்கத்துக்கு ஓர் அமைப்பு தேவைப்பட்டது. 1870-களில் உருவான வயோமிங் கால்நடை வளர்ப்போர் சங்கம் அந்த அமைப்பாயிற்று. வேலியற்ற வெளியில் பலருடைய மாடுகள் கலந்து மேய்ந்ததால், வசந்த காலத்தில் எல்லாரும் கூடி மந்தைகளைத் திரட்டி, ஒவ்வொரு தாய்மாட்டின் சூட்டுக்குறியையும் பார்த்து அதன் கன்றுக்கு அதே குறியைச் சுட வேண்டியிருந்தது. சூட்டுக்குறியே அங்கு உடைமைச் சான்று. தாயைப் பிரிந்து, குறியிடப்படாமல் திரியும் கன்றை மாவெரிக் என்றனர். தொடக்க காலத்தில் அதைக் கண்டவர் எடுத்துக்கொள்வது குற்றமாகக் கருதப்படவில்லை. பெரும்பண்ணையார்களே தம் கூலியாட்களுக்கு ஒரு கன்றுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுத்து மாவெரிக்குகளைச் சேர்த்தனர். பல பெருமந்தைகளின் தொடக்கம் அதுவே. வயோமிங் சட்டமன்றம் 1884-இல் இயற்றிய மாவெரிக் சட்டமோ, மந்தை திரட்டலை முழுவதும் சங்கத்தின் மேற்பார்வையில் வைத்து, குறியில்லாக் கன்றுகள் அனைத்தும் சங்கத்தின் ஆட்களால் ஏலம் விடப்பட வேண்டும் என்றும், ஏலத் தொகை சங்கத்தின் ஆய்வாளர்களுக்குச் சம்பளமாகச் செல்ல வேண்டும் என்றும் விதித்தது. பிணைத்தொகை கட்டியவரே ஏலத்தில் கலந்துகொள்ள முடிந்ததால் சிறியவர்கள் தாமாகவே விலக்கப்பட்டனர். தனியார் சங்கம் ஒன்றுக்கு அரசின் வரிவசூல் அதிகாரத்தையும் காவல் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்த இத்தகைய சட்டம் அந்நாட்டு வரலாற்றிலும் அரிது. சொந்தக் குறியும் மாடும் வைத்திருக்கும் கூலியாட்களுக்கு வேலை தருவதில்லை என்று உறுப்பினர்கள் தமக்குள் முடிவு செய்துகொண்டதும் இக்காலத்திலேதான். 1886-இல் கூலிக் குறைப்பை எதிர்த்து மேய்ப்பர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதில் முன்நின்ற ஜாக் ஃபிளாக் போன்றோரின் பெயர்கள் விலக்குப் பட்டியலில் ஏறின. மாடு வைத்திருந்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் மாடு வளர்த்துத்தான் பிழைக்க வேண்டும். அதையும் செய்தால் திருடர் என்ற பெயர்.

இத்தனைக்கும் அந்தப் பெருமந்தைகள் உறுதியான அடித்தளத்தின் மேல் நிற்கவில்லை. லண்டனிலும் எடின்பரோவிலும் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தில், மாடுகளை எண்ணாமல் கணக்கேட்டில் எழுதியிருந்த எண்ணிக்கையை நம்பியே பண்ணைகள் கைமாறின. 1886-ஆம் ஆண்டுக் கோடையில் புல் கருகியது. அதைத் தொடர்ந்த பனிக்காலத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. ஸ்காட்லாந்து முதலீட்டில் 1883-இல் தோன்றிய ஸ்வான் நிறுவனம் 1887-இல் நொடித்தது. கணக்கேட்டில் இருந்து வெளியில் இல்லாத மாடுகளுக்குப் பங்குதாரர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. திருட்டு என்ற விளக்கம் வசதியாக இருந்தது. திருட்டே இல்லை என்று வாதிடுவது பொருந்தாது. ஜான்சன் கவுண்டியில் பிறர் கன்றுக்குத் தம் குறியைச் சுட்டவர்கள் இருந்தனர். ஆனால் பஞ்சத்தாலும் அளவுமீறிய மேய்ச்சலாலும் பொய்க்கணக்காலும் வந்த இழப்பு முழுவதையும் அவர்கள் தலையில் ஏற்றியது, கணக்கை நேர் செய்ய நடந்த காரியம் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இந்த நெருக்கடியின் முதற் பலிகளுள் ஒருவர் எலன் வாட்சன். கனடாவில் பிறந்த அவர், வயோமிங்கின் ஸ்வீட்வாட்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கருக்கு மனுச் செய்து, வேலியிட்டு, ஒரு சிறு மந்தையை வாங்கி, தமக்கென ஒரு குறியும் பெற்றிருந்தார். அருகில் கடையும் அஞ்சலகமும் நடத்திவந்த ஜிம் அவெரல், பெரும்பண்ணையார்களின் நில ஆக்கிரமிப்பைக் கண்டித்துச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதியவர். இவ்விருவரின் மனைகளும் ஆல்பர்ட் பாத்வெல் என்ற பண்ணையார் தம் சொந்தப் புல்வெளியாகப் பயன்படுத்திவந்த நிலத்தில், அதுவும் நீருக்கு அருகில், அமைந்திருந்தன. 1889 ஜூலை 20 அன்று பாத்வெல் உள்ளிட்ட ஆறு பண்ணையார்கள் இருவரையும் பிடித்துச் சென்று தூக்கிலிட்டனர். ஷையேன் நாளேடுகள் வாட்சனை நடத்தை கெட்டவள் என்றும் மாட்டுத் திருடி என்றும் எழுதின; 'கேட்டில் கேட்' என்ற பட்டப்பெயர் ஒரு நூற்றாண்டுக்கு நிலைத்தது. கண்ணால் கண்ட சாட்சிகளுள் சிலர் காணாமற் போயினர், ஒருவர் இறந்தார், வழக்கு விசாரணைக்கே வரவில்லை. பின்னாள் ஆய்வாளர்கள் நிலப் பதிவேடுகளையும் குறிப் பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், அப்பெண் சட்டப்படி மனை பதிந்து மாடு வளர்த்த ஒரு குடியேறி என்பது தெளிவாயிற்று.

1890 ஜூலையில் வயோமிங் மாநிலமாயிற்று. ஆனால் மாநில அரசும் சங்கமும் பெரும்பாலும் ஒரே ஆட்களால் ஆனவையாக இருந்தன. ஜான்சன் கவுண்டியிலோ நிலைமை வேறு. அதன் தலைநகரான பஃபலோவிலும் சுற்றுப்புறத்திலும் சிறு உழவர்களும் முன்னாள் மேய்ப்பர்களும் பெரும்பான்மையாகிவிட்டதால், ஷெரிஃபும் நடுவர் குழுவும் அவர்களுக்குள்ளிருந்தே வந்தனர். சங்கம் தொடுத்த திருட்டு வழக்குகளில் தண்டனை கிடைப்பது அரிதாயிற்று. நடுவர்கள் திருடருக்கு அஞ்சினர் என்றது சங்கம். சங்கத்தின் சாட்சியை நம்பவில்லை என்றனர் ஊர் மக்கள். 1891-இல் மாநிலக் கால்நடை ஆணையம், ஐயத்துக்குரிய குறிகள் கொண்ட மாடுகள் சந்தைக்கு வந்தால் பறிமுதல் செய்து விற்று, உரிமையாளர் தம் உடைமையை மெய்ப்பிக்கும் வரை தொகையை நிறுத்திவைக்குமாறு ஆய்வாளர்களுக்கு ஆணையிட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்பே தண்டனை என்பது இதன் பொருள். அதே ஆண்டு நவம்பரில் நேட் சாம்பியன் என்ற சிறு பண்ணையாளரைக் குடிசையில் உறங்கும்போது கொல்ல முயன்றனர், அவர் தப்பினார். அதன்பின் ஒரு மாதத்துக்குள் ரேஞ்சர் ஜோன்ஸ், ஜான் டிஸ்டேல் என்ற இருவர் பஃபலோவிலிருந்து வீடு திரும்பும் வழியில் மறைந்திருந்து சுடப்பட்டு இறந்தனர். ஐயம், முன்பு ஷெரிஃபாக இருந்து பின் சங்கத்தின் துப்பறிவாளராக ஊதியம் பெற்ற ஃபிராங்க் கேன்ட்டன் மேல் விழுந்தது.

சிறு பண்ணையாளர்கள் பணியவில்லை. தமக்கென ஒரு சங்கம் அமைத்து, 1892 மே முதல் நாளில், பெரிய சங்கத்தின் திரட்டலுக்கு முன்பாகவே, தங்கள் மந்தை திரட்டலை நடத்துவோம் என்று அறிவித்தனர். யார் எந்தக் கன்றுக்குக் குறியிடுவது என்பதை இனி நாங்களும் முடிவு செய்வோம் என்பது அந்த அறிவிப்பின் உட்பொருள். பெரும்பண்ணையார்களால் இதைப் பொறுக்க முடியவில்லை.

1892 ஏப்ரல் 5 அன்று ஷையேனிலிருந்து ஒரு தனி ரயில் புறப்பட்டது. அதில் ஏறத்தாழ ஐம்பது பேர் இருந்தனர். பண்ணையார்கள், சங்கத்தின் துப்பறிவாளர்கள், நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலியும் கொல்லப்படும் ஒவ்வொரு 'திருடனுக்கும்' ஐம்பது டாலர் வெகுமதியும் பேசி டெக்சஸிலிருந்து வரவழைத்த இருபதுக்கும் மேற்பட்ட துப்பாக்கிக்காரர்கள், ஒரு மருத்துவர், இரண்டு செய்தியாளர்கள். தலைமை ஏற்றவர் மேஜர் ஃபிராங்க் வோல்காட். பஃபலோவுக்குச் செல்லும் தந்திக் கம்பிகள் துண்டிக்கப்பட்டன. இதற்குச் சில நாட்கள் முன்னரே, பொறுப்பு ஆளுநர் ஏமஸ் பார்பரின் அரசு, மாநிலக் காவல் படை உள்ளூர் ஷெரிஃபின் அழைப்புக்குச் செல்லாமல் தலைமையகத்தின் ஆணைக்கு மட்டுமே கட்டுப்பட வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது. அந்த உத்தரவின் நாளையும் ரயில் புறப்பட்ட நாளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, படையெடுப்பு சில தனியாரின் ஆத்திரச் செயல் என்ற வாதம் நிற்காது.

ஏப்ரல் 9 விடியலில் அவர்கள் கேசி பண்ணையின் குடிசையைச் சூழ்ந்தனர். உள்ளே நேட் சாம்பியனும் நிக் ரே என்ற தோழரும் இருந்தனர். ரே வெளியே வந்ததும் சுடப்பட்டு, சில மணி நேரத்தில் இறந்தார். சாம்பியன் பகல் முழுவதும் தனியாக எதிர்த்து நின்றார். இடையிடையே ஒரு சிறு குறிப்பேட்டில் நடப்பதை எழுதியும் வைத்தார். மாலையில் வைக்கோல் ஏற்றிய வண்டிக்குத் தீ வைத்துக் குடிசையின் மேல் தள்ளினர்; வெளியே ஓடிய அவர் குண்டுகளால் துளைக்கப்பட்டு வீழ்ந்தார். அந்தக் குறிப்பேடு படையெடுத்தவர்களோடு வந்த செய்தியாளர் சாம் குளோவர் வழியாகவே சிகாகோ நாளேட்டில் வெளிவந்தது என்பது இவ்வரலாற்றின் வினோதங்களுள் ஒன்று. விலக்குப் பட்டியலில் இருந்த ஜாக் ஃபிளாக் தற்செயலாக அவ்வழியே வந்து, துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பிச் சென்று, செய்தியைப் பரப்பினார். ஷெரிஃப் ரெட் ஆங்கஸ் தலைமையில் இருநூறுக்கு மேற்பட்ட உழவர்களும் ஊர்க்காரர்களும் திரண்டு, வந்தவர்களை டிஏ பண்ணையில் முற்றுகையிட்டனர். வேட்டையாட வந்தவர்கள் வேட்டைப் பொருளாயினர். பார்பரும், வயோமிங்கின் மேலவை உறுப்பினர்களான வாரனும் கேரியும், குடியரசுத் தலைவர் ஹாரிசனை அணுகி, கிளர்ச்சி நடப்பதாகக் கூறிப் படை கோரினர். ஏப்ரல் 13 காலையில் மெக்கின்னி கோட்டையிலிருந்து வந்த ஆறாம் குதிரைப்படை முற்றுகையை விலக்கிப் படையெடுத்தவர்களை உயிருடன் மீட்டது. கொலைப் பட்டியல் ஒன்றும் கேன்ட்டனின் பையில் இருந்ததாகப் பின்னர் வெளிப்பட்டது.

வழக்கின் முடிவு போரின் முடிவினும் பாடம் நிறைந்தது. கேசி பண்ணையில் நடந்ததைக் கண்ட இரு பொறிவேட்டைக்காரர்களை மாநிலத்தைவிட்டே கடத்திச் சென்றனர். பிணையில் விடப்பட்ட டெக்சஸ் ஆட்கள் திரும்பவே இல்லை. கைதானவர்களைக் காவலில் வைத்த செலவு முழுவதும் ஜான்சன் கவுண்டியின் கணக்கில் எழுதப்பட, அந்த ஏழைக் கவுண்டியின் கருவூலம் வறண்டது. 1893 ஜனவரியில் வழக்கு கைவிடப்பட்டது. இதற்கிடையில் 1892 நவம்பர்த் தேர்தலில் மக்கள் ஆளுங்கட்சியைத் தோற்கடித்தனர். ஆனாலும், தாமே பெரும்பண்ணையாரான மேலவை உறுப்பினர் வாரன், 1895-இல் மீண்டும் அப்பதவிக்கு வந்து 1929-இல் இறக்கும் வரை அதில் நீடித்தார்.

நினைவுக்கான போட்டியிலும் பெரும்பண்ணையார்களின் கை நெடுங்காலம் ஓங்கியிருந்தது. ஏசா மெர்சர் என்ற இதழாளர் 1894-இல் படையெடுப்பை அம்பலப்படுத்தி எழுதிய நூல் பரவாமல் தடுக்கப்பட்டது. வோல்காட்டின் பண்ணையில் விருந்தினராகத் தங்கிய ஓவன் விஸ்டர் 1902-இல் வெளியிட்ட 'தி வர்ஜீனியன்' நாவலோ, மாட்டுத் திருடரைத் தூக்கிலிடுவதை ஓர் ஆண்மைக் கடமையாகச் சித்திரித்து லட்சக்கணக்கில் விற்றது. பிற்காலக் கௌபாய்த் திரைப்படங்களின் நாயகன் அதிலிருந்து பிறந்தவன். 1953-இல் வந்த 'ஷேன்' திரைப்படத்திலோ வேலி போட்ட உழவன் பக்கம் கதாநாயகன் நின்றான்.

இது வயோமிங்குக்கு மட்டும் உரிய கதையன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1861-ஆம் ஆண்டு நிலச் சட்டங்கள் ஏழைக் குடியேறிகளுக்கு 40 முதல் 320 ஏக்கர் வரை தேர்ந்துகொள்ளும் உரிமை அளித்தபோதும், ஆட்டுப் பெரும்பண்ணையார்கள் பினாமிகளின் பெயரில் நீர்த்துறைகளை மட்டும் பொறுக்கி வாங்கி மற்றதைப் பயனற்றதாக்கினர். அங்கே கூலிப்படை ரயிலேறவில்லை. வங்கிக் கடனும் பினாமியுமே வேலையை முடித்தன.

வாஷிங்டன் தன் எண்ணைத் திருத்திக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 1909-இல் வறள்நிலங்களுக்கு 320 ஏக்கரும், 1916-இல் மேய்ச்சல் மனைகளுக்கு 640 ஏக்கரும் அனுமதிக்கப்பட்டன. அப்போதும் அது பவல் கேட்டதில் நான்கில் ஒரு பங்கே. இடைப்பட்ட காலத்தில் சண்டை மாடு வளர்ப்போருக்கும் ஆடு வளர்ப்போருக்கும் இடையே திரும்பியது. 1909-இல் ஸ்பிரிங் கிரீக் ஓடையருகே ஆட்டுப் பட்டியைத் தாக்கி மூவரைக் கொன்றவர்களுள் ஐந்து பேர் சிறைக்குச் சென்றபோதுதான், மேய்ச்சல் வெளிக் கொலைக்கு வயோமிங்கில் தண்டனை உண்டு என்பது நிலைபெற்றது.

1934-ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சல் சட்டம் எஞ்சிய பொதுநிலத்தை மேய்ச்சல் மாவட்டங்களாகப் பிரித்து, அனுமதிச் சீட்டும் கட்டணமும் விதித்து, வேலியற்ற வெளியின் காலத்தை முடித்து வைத்தது. ஐம்பதாண்டு முன்னர் வந்திருந்தால் பல உயிர்களைக் காத்திருக்கக்கூடிய ஒழுங்கு அது. ஆனால் அந்த அனுமதிச் சீட்டுகளில் முன்னுரிமை, அருகில் சொந்த நிலம் வைத்துக் கால்நடை வளர்ப்போருக்கும் நீருரிமை உடையோருக்கும் என்று அச்சட்டமே எழுதியது. ஓடைக்கரையை முதலில் பிடித்தவர்களின் வாரிசுகளும் அவர்களிடமிருந்து வாங்கியவர்களும் அதனால் முன்வரிசையில் நின்றனர்; 1880-களில் கால்நடைச் சங்கங்கள் கேட்டு மறுக்கப்பட்ட பொதுநிலக் குத்தகை, மாடு ஒன்றுக்கு மாதம் ஐந்து சென்ட் என்ற தொடக்கக் கட்டணத்தில் அவர்களுக்கு வந்து சேர்ந்தது. எலன் வாட்சனையும் நேட் சாம்பியனையும் கொன்றதற்காக எவரும் ஒரு நாள்கூடத் தண்டனை அனுபவிக்கவில்லை.